பழைய வள்ளத்தைக் கொடுத்துப் புதுசு எடுக்கும்போது

கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டம், கடியப்பட்டணம் பக்கம் பைபர் வள்ளம் (கண்ணாடியிழைப் படகு) வைத்துத் தொழில் செய்கிற யாரிடமும் "உங்க பழைய வள்ளம் என்ன விலைக்குப் போகும்?" என்று கேளுங்கள், சட்டென்று ஒரு தொகை சொல்லிவிடுவார்கள். எஞ்சினோடா, எஞ்சின் இல்லாமலா? ஜிபிஎஸ் சேர்த்தா? நங்கூரமும் கயிறும்? பதிவு யார் பெயரில் இருக்கும்? அதன்மேல் வாங்கின கடன்? இப்படி அடுத்தடுத்துக் கேட்டால்தான் பழைய வள்ளம் என்று சொல்வதற்குள் ஏழெட்டு விஷயம் இருக்கிறது என்பது அவர்களுக்கே தெரியவரும். எக்ஸ்சேஞ்சில் வள்ளம் மாற்றுகிறவர்களுக்குக் காசு கைவிட்டுப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, வள்ளம் செய்து விற்கிற யார்டுகாரர் முன்னால் வைத்துவிடுகிறோம். அவரும் மூட்டைக்கு ஒரு விலை சொல்கிறார்.

நாங்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர், மச்சான் ஒருவர், மூன்று பேரும் சேர்ந்து வைத்திருந்தது 28 அடி பைபர் வள்ளம். அதை யார்டில் கொடுத்துப் புது வள்ளம் எடுத்தோம். அதற்குப் பிறகு அக்கம்பக்கத்து ஊர்களில் இருந்து பலர் கேட்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன். பெரிய விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும். அவர்கள் கணக்கே வேறு.

மாற்ற வேண்டி வந்ததற்கு விபத்து எதுவும் காரணம் இல்லை. வள்ளம் கனத்துப்போனது. எங்கள் ஊரில் மணலில் ஏற்றி இறக்கித்தான் தொழில். வருஷக்கணக்காக மணலில் இழுபட்டதில் அடிப்பாகத்து ஜெல்கோட் (மேல்பூச்சு) தேய்ந்து உள்ளே இருக்கும் மேட் (கண்ணாடியிழை விரிப்பு) தெரிய ஆரம்பித்தது. அதற்கு ஓர் ஒட்டு, பிறகு அந்த ஒட்டின் மேல் இன்னொரு ஒட்டு. தரைக்குள் வைத்திருந்த பிளைவுட்டும் தண்ணீர் குடித்தது. முன்பு எட்டுப் பேர் பிடித்து ஏற்றிய வள்ளத்துக்குப் பன்னிரண்டு பேரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. கனம் கூடினால் மண்ணெண்ணெய்ச் செலவும் கூடும். வீட்டில் கணக்கு எழுதுவது என் மனைவி. எண்ணெய்க் காசு ஏறுவதை எங்களுக்கு முன்னால் கண்டுபிடித்தது அவள்தான்.

யார்டுகாரர் சொன்ன கணக்கு கேட்க நன்றாகத்தான் இருந்தது. புது வள்ளம் 4,60,000 ரூபாய். பழைய வள்ளம், இருக்கிற இரண்டு எஞ்சினில் பழைய எஞ்சின், ஜிபிஎஸ், நங்கூரம் எல்லாம் "செட்டா" 1,40,000. மீதி 3,20,000 கொடுத்தால் போதும். மச்சானுக்கு உடனே பிடித்துவிட்டது. கரையில் வேறு யாரும் எங்கள் பழசுக்கு லட்சம் ரூபாய்கூடச் சொல்லவில்லை.

வீட்டில் வந்து சொன்னதும் என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "பழசக் கொடுக்காம காசு மட்டும் கொண்டு போனா என்ன வெல சொல்லுவாரு?"

அதை நாங்களே போய்க் கேட்டால் சரியான பதில் வராது. புது வள்ளம் எடுக்க நினைத்திருந்த சொந்தக்காரர் ஒருவரை விட்டு விசாரித்தோம். அதே அளவு, அதே அச்சு, அதே கனத்துக்கு மேட். வரி எல்லாம் சேர்த்து 4,25,000 என்று சொல்லியிருக்கிறார். ஆக, பழசு இல்லாமல் போனால் 4,25,000. பழசோடு போனால் கையிலிருந்து 3,20,000. எங்கள் செட்டுக்கு அவர் உண்மையில் தருவது 1,05,000. மீதி 35,000 ரூபாயைப் புது வள்ளத்தின் விலையில் ஏற்றி, அதையே பழசின் விலையாக எங்களுக்குத் திருப்பிக் காட்டுகிறார்.

இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். வியாபாரத்தில் எல்லோரும் செய்வதுதான். பழசுக்கு நல்ல விலை கிடைத்தது என்று ஊரில் சொல்லிக்கொள்ள நமக்கும் ஆசை இருக்கிறது, அவர் அந்த ஆசைக்குத் தீனி போடுகிறார். ஆகவே பழசுக்கு எவ்வளவு என்கிற பேச்சைக் காதில் வாங்க வேண்டாம். கையிலிருந்து எவ்வளவு போகிறது, பழசு இல்லாமல் போனால் எவ்வளவு போகும், இந்த இரண்டையும் எழுதிக் கழித்துப் பாருங்கள். வருவதுதான் உங்கள் பழைய வள்ளத்தின் விலை.

பில் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மீன்பிடி வள்ளத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பழசைக் கழித்துவிட்டு மீதித் தொகைக்கு மட்டும் பில் போட்டால் வரி குறையுமே என்று சிலர் ஆசை காட்டுவார்கள். சட்டப்படி அது செல்லாது, எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் விற்றால் என்ன விலையோ அந்த முழு விலைக்கும்தான் வரி. அதைவிடப் பெரிய நஷ்டம் நமக்கு வருகிறது. நாளைக்கு இன்சூரன்ஸ் போடும்போதும், வங்கியில் கடன் கேட்கும்போதும், மானியத்துக்கு எழுதும்போதும் பில்லில் உள்ள தொகைதான் வள்ளத்தின் மதிப்பு. புது வள்ளத்துக்கு முழு விலைக்கு ஒரு பில், பழசை அவர் வாங்கிக்கொண்டதற்குத் தனியாக ஒரு சீட்டு, இரண்டும் வேண்டும்.

அடுத்து மூட்டையைப் பிரித்தோம். முதலில் எஞ்சின். யார்டுகாரருக்கு பைபர் வேலை தெரியும், எஞ்சின் வியாபாரம் அவர் தொழில் கிடையாது. அவர் எஞ்சினுக்கு என்ன போட்டாலும், அதை அவர் இன்னொருவரிடம் தள்ளிவிட வேண்டியதை யோசித்துத்தான் போடுவார். எஞ்சினை எஞ்சின் வேண்டியவரிடம் கொடுப்பதே சரி. 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினுக்கு நம் கரையில் எப்போதும் ஆள் உண்டு. ஓடுகிற எஞ்சினாகவும் வாங்குவார்கள், ஸ்பேருக்காகவும் வாங்குவார்கள்.

விற்பதற்கு முன்னால் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். கம்பிரஷன் பார்க்கச் சொல்லுங்கள். கீழே கியர் பாக்ஸ் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்க வேண்டும். ஆயில் வெள்ளையாகக் கலங்கி வந்தால் சீல் போய் உள்ளே தண்ணீர் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். சீல் மாற்ற ஆகிற செலவு கொஞ்சம், அதைக் காட்டி வாங்குகிறவர் குறைப்பது அதைப்போலப் பல மடங்கு. டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி எஞ்சினை அதில் இறக்கி, அவர் கண்முன்னாலேயே ஓட்டிக் காட்டலாம். கூலிங் தண்ணீர் பக்கவாட்டில் சீராக வருகிறதா என்பதைத்தான் விவரம் தெரிந்தவர் முதலில் பார்ப்பார். நாங்கள் பள்ளம் என்கிற ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவருக்கு 52,000 ரூபாய்க்குக் கொடுத்தோம்.

இருந்த இரண்டு எஞ்சினில் புதுசை நாங்களே வைத்துக்கொண்டோம். அப்படி வைத்துக்கொள்வதாக இருந்தால் புது வள்ளத்தில் எஞ்சின் மாட்டும் பின்பலகையின் உயரத்தை அச்சில் வார்க்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஷார்ட் ஷாஃப்ட் எஞ்சினுக்குப் பலகை உயரம் ஏறக்குறைய 15 அங்குலம், லாங் ஷாஃப்ட்டுக்கு 20 அங்குலம். பலகை உயரமாக இருந்து ஷாஃப்ட் கட்டையாக இருந்தால் அலையில் புரொப்பல்லர் காற்றைத்தான் வெட்டும். யார்டில் நம்மிடம் கேட்காமலே அவர்கள் வழக்கப்படி போட்டுவிடுவார்கள். என் அண்ணன் டேப்பை எடுத்துக்கொண்டு போய், பழைய பலகையின் அளவை ஒரு தாளில் எழுதி மேஸ்திரியிடம் கையோடு கொடுத்துவிட்டு வந்தார்.

ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் (ஆழமும் மீன் கூட்டமும் காட்டும் கருவி), பேட்டரி, நங்கூரம், கயிறு, துடுப்பு எதையும் கொடுக்க வேண்டாம். செட்டில் சேர்த்தால் இவற்றுக்கெல்லாம் மதிப்பு பூஜ்யம்தான். ஜிபிஎஸ்ஸில் நீங்கள் வருஷக்கணக்காகக் குறித்து வைத்திருக்கும் பார் இடங்கள், அதாவது மீன் கூடுகிற கடலடிப் பாறைகள், இருக்கின்றன. அதைக் கொடுத்தால் உங்கள் தொழில் ரகசியத்தையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள்.

இனி வெறும் வள்ளம். யார்டிலிருந்து மூத்த மேஸ்திரி ஒருவர் எங்கள் கரைக்கே வந்தார். அதிகம் பேசுகிற ஆள் இல்லை. ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் கைப்பிடியால் அணியத்திலிருந்து (முன்முனையிலிருந்து) தட்டிக்கொண்டே வந்தார். டிக், டிக் என்று கெட்டியாக வந்த சத்தம், எஞ்சின் மாட்டும் பின்பலகைக்கு வந்ததும் தொப், தொப் என்று மாறியது. அந்த இடத்தைச் சுற்றிச் சாக்பீசால் ஒரு வட்டம் போட்டார். பிறகு எஞ்சின் பிராக்கெட்டுக்குக் கீழே ஒரு போல்ட்டைக் கழற்றச் சொன்னார். கழற்றியதும் ஓட்டையிலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் கசிந்தது. பைபருக்கு நடுவில் இருக்கும் பிளைவுட் அழுகினால் அந்த நிறத்தில்தான் வரும். மேஸ்திரி விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"பலகை போச்சு. இருபத்தஞ்சாயிரம் கொறையும்" என்றார்.

முந்தின வாரமே நாங்களும் இதேபோலத் தட்டிப் பார்த்துவைத்திருந்தோம். மணவாளக்குறிச்சியில் பைபர் வேலை செய்கிற ஒருவரைக் கூட்டிவந்து காட்டி, பின்பலகை மட்டும் மாற்றிக் கட்ட என்ன ஆகும் என்றும் கேட்டிருந்தோம். சாமானும் கூலியும் சேர்த்து 9,000 என்று எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டை மேஸ்திரியிடம் காட்டினோம். அவர் சிரித்துவிட்டார். குறை இருக்கிறது என்று அவர் சொல்வதற்கு முன்னால், அந்தக் குறைக்கு என்ன செலவு என்பது நம் கையில் இருக்க வேண்டும். சரிசெய்துவிட்டுக் கொடுக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். தேவையில்லை. அவர் வேலையை அவர் யார்டில் நம்மைவிடக் குறைந்த செலவில் செய்துகொள்வார்.

பெயின்ட் அடிக்கவே அடிக்காதீர்கள். விற்கிற நேரத்தில் புதுப் பெயின்ட் அடித்த வள்ளத்தைப் பார்த்தால், அடியில் என்ன மறைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். நன்றாகக் கழுவி, உள்ளே தேங்கிய தண்ணீரை எல்லாம் வடித்து, சில நாள் வெயிலில் காயவிட்டால் போதும்.

அடுத்து, வள்ளம் வாங்கியபோது கொடுத்த பழைய பில். எங்களிடம் இருந்தது, பைபிளுக்குள் மடித்துவைத்திருந்தோம். கட்டிய யார்டு, வருஷம், அளவு எல்லாம் அதில் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஏராளமான பைபர் வள்ளங்கள் அவசர அவசரமாகக் கட்டிக் கொடுக்கப்பட்டன. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று அடிபட்ட ஊர்களில் அது பெரிய உதவிதான், மறுக்க முடியாது. ஆனால் அவற்றில் பல மேட் குறைத்துப் போட்டவை. அந்தக் காலத்து வள்ளம் என்றாலே தடிமன் எவ்வளவு இருக்கும் என்று சந்தேகப்படும் பழக்கம் வாங்குகிறவர்களுக்கு வந்துவிட்டது. நம் வள்ளம் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தது கிடையாது என்று நிரூபிக்க பில் ஒன்றுதான் வழி.

பழைய மரவள்ளமாக இருந்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. அயனிப் பலகை கடலில் கிடந்து கறுத்தாலும் பிரித்தால் அதற்கு ஒரு விலை உண்டு, கடைசியில் விறகாகவாவது போகும். கட்டுமரத் தடியும் அப்படித்தான். பைபர் அப்படி எதற்கும் ஆகாது. எரித்தால் நச்சுப் புகை, புதைத்தால் மக்காது, பழைய இரும்புக்கடைக்காரரும் எடுக்கமாட்டார். அதனால்தான் பல கரைகளில் யாருக்கும் வேண்டாத வள்ளங்கள் கவிழ்ந்து கிடந்து நாய் படுக்கிற இடமாகிவிட்டன. நாலு பேர் விலை கேட்கிற நிலையில் இருக்கும்போதே கொடுத்துவிடுவது நல்லது. இன்னும் இரண்டு சீசன் ஓட்டிவிட்டுக் கொடுக்கலாம் என்று இழுத்தடித்தால், அதைத் தூக்கிப்போட நாம் லாரிக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

யார்டுக்கு வெளியிலும் விசாரித்தோம். இடிந்தகரைப் பக்கமிருந்து ஒருவர் வந்து வெறும் வள்ளத்துக்கு 95,000 சொன்னார். யார்டில் கடைசியாகப் பேசி முடித்தது, வெறும் வள்ளத்தைக் கொடுத்துக் கையிலிருந்து 3,50,000. அதாவது வள்ளத்துக்கு 75,000. இருபதாயிரம் குறைவுதான், ஆனாலும் யார்டுக்கே கொடுத்தோம். ஊரில் சிலருக்கு அது இன்றைக்கும் புரியவில்லை.

காரணம் நாள். இடிந்தகரைக்காரர் வள்ளத்தை அந்த வாரமே லாரியில் ஏற்றிக்கொண்டு போகவேண்டும் என்றார், பணம் இரண்டு தவணை. யார்டுகாரர், புது வள்ளம் கடலில் இறங்கும் நாளில் பழசைக் கொண்டுவந்தால் போதும் என்று ஒத்துக்கொண்டார். நாங்கள் ஆர்டர் கொடுத்தது மாசியில். சித்திரை கடைசியில் தருகிறேன் என்றார். பைபர் வேலையில் சொன்ன தேதிக்கு வள்ளம் வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. மழைக்காற்றில் ஈரம் ஏறினால் ரெசின் (மேட்டை ஒட்டி இறுக்கும் பசை) சரியாக இறுகாது, வேலை நின்றுவிடும். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. நினைத்தபடியே ஆனி பிறந்த பிறகும் வள்ளம் அச்சிலேயே இருந்தது.

ஆனி, ஆடி மாதம் கையில் வள்ளம் இல்லாமல் இருப்பது என்றால் என்ன என்பது தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியும். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் எல்லாம் அதில் வரும். கிழக்கே சின்னமுட்டத்துக்குத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கிற அந்த நாட்களில் வள்ளக்காரன் கொண்டுவருகிற மீனுக்குத்தான் விலை. கடல் மோசமாகத்தான் இருக்கும், எல்லா நாளும் இறங்க முடியாது. ஆனால் இறங்கிய நாளில் கணவாயோ நெத்திலியோ பட்டால் அந்த இருபதாயிரம் பெரிய தொகையே இல்லை.

கூட வருகிற ஆட்களையும் யோசிக்க வேண்டும். ஒரு மாதம் வள்ளம் இல்லை என்றால் அவர்கள் சும்மா இருக்க முடியுமா? இன்னொரு வள்ளத்தில் அட்வான்ஸ் வாங்கிவிடுவார்கள். புது வள்ளம் வந்த பிறகு ஆளைத் தேடி நாம் கூடுதல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டிவரும்.

இந்தச் சௌகரியத்துக்காக யார்டுகாரர் கேட்ட ஒரே நிபந்தனை, இடைப்பட்ட காலத்தில் வள்ளம் அடிபட்டால் விலையைக் குறைப்பேன் என்பது. நியாயம்தான். பேசிய அன்றைக்கே வள்ளத்தின் நாலு பக்கமும், அடிப்பாகமும், சாக்பீஸ் வட்டமும் தெரிய செல்போனில் போட்டோ எடுத்து அவருக்கும் அனுப்பி வைத்தோம். "இந்த நிலையில் உள்ள வள்ளத்துக்கு" என்று ஒப்பந்தத் தாளில் எழுதினோம். எங்கள் ஊரில் இப்படிப்பட்ட தாள்களில் ஊர்க்கமிட்டியில் உள்ள ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடுவது வழக்கம். வக்கீல் நோட்டீசைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

பெரிய வள்ளமாக எடுங்கள் என்று யார்டில் வற்புறுத்துவார்கள். 30, 32 அடி அச்சு அவர்களிடம் தயாராக இருக்கும். துறைமுகத்தில் கட்டுகிறவர்கள் எடுக்கலாம். மணலில் ஏற்றுகிறவர்கள் ஆள் கணக்கைப் பார்க்க வேண்டும், ஏற்றுக் கூலி தினமும் உண்டு. நாங்கள் அதே 28 அடியில் நின்றோம்.

எல்லாவற்றையும்விடச் சங்கடமானது ஏலக்காரர் கணக்கு. எங்கள் மீனை ஏலம் விடுகிற மாமாவிடம் பழைய வள்ளத்தின் மேல் முன்பணம் வாங்கியிருந்தோம். கமிஷன் தினமும் பிடிப்பார், முதல் அப்படியே நிற்கும். வள்ளம் மாற்றுகிற செய்தி கேட்டு அவரே கரைக்கு வந்தார்.

"மக்கா, பழைய வள்ளத்துக்க மேல உள்ள கணக்கு என்ன ஆவும்?"

"புதுசுல தொடரட்டும் மாமா" என்று மச்சான் சொல்ல வாயெடுத்தார். அண்ணன் அவர் கையைப் பிடித்தார். பழைய கணக்கை அப்படியே புது வள்ளத்தின் மேல் ஏற்றி, பற்றாக்குறைக்கு அவரிடமே இன்னும் கொஞ்சம் வாங்கினால், புது வள்ளம் முதல் நாளிலிருந்தே அவருக்குக் கட்டுப்பட்டதாகிவிடும். வேறு யாரிடமும் மீன் போட முடியாது. எஞ்சின் விற்ற 52,000 ரூபாயில் ஒரு பகுதியை எடுத்துப் பழைய கணக்கை முடித்தோம். மாமாவுக்கு முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் மீன் அவரிடம்தான் போடுகிறோம், இப்போது கமிஷன் முன்பைவிடக் குறைவு. வங்கியிலோ சங்கத்திலோ வாங்கிய கடன் வள்ளத்தின் மேல் இருந்தால் அதை அடைத்து, பாக்கி இல்லை என்ற கடிதம் வாங்காமல் பழசை யாருக்கும் கொடுக்கவே முடியாது. அதற்கு முன்கூட்டியே அலையுங்கள்.

கடைசியாகப் பதிவு. நம் வள்ளங்களின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணில் ஐஎன்டி, டிஎன் என்பதற்குப் பிறகு வரும் 15 நம் மாவட்டம். அடுத்து வரும் எம்ஓ என்பது மோட்டார் பொருத்திய நாட்டு வள்ளம், எம்எம் என்பது விசைப்படகு. பழசை யார்டில் விட்டதும் அது நம்முடையது இல்லை என்று நினைத்துவிடுகிறோம். யார்டுகாரர் அதை ஒட்டுப்போட்டு வேறு யாருக்கோ விற்பார், அவர் இன்னொருவருக்கு விற்பார். மீன்வளத்துறைப் பதிவேட்டில் உரிமையாளர் பெயர் மாறாதவரை, அது எங்கே விபத்தில் சிக்கினாலும், கடத்தலில் மாட்டினாலும், எல்லை தாண்டினாலும் கடலோரக் காவல் போலீஸ் முதலில் தேடி வருவது நம் வீட்டைத்தான். பக்கத்து ஊரில் ஒருவருக்கு அப்படி நடந்தது. அவர் விற்று வருஷங்கள் ஆகியிருந்தன, இரண்டு கை மாறிய வள்ளம். ஸ்டேஷனுக்கு நடந்தே செருப்பு தேய்ந்தது.

இன்னொன்றும் உண்டு. மானிய மண்ணெண்ணெய்க்காக நாட்டு வள்ளங்களை மீன்வளத்துறை ஆய்வு செய்யும் நாளில் பதிவில் உள்ள வள்ளமும் எஞ்சினும் கரையில் நிற்க வேண்டும். எஞ்சினை விற்றிருந்தால் அந்த எஞ்சின் எண்ணைப் பதிவிலிருந்து நீக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். புது வள்ளத்துக்கான விண்ணப்பம் இப்போது மத்திய அரசின் ரியல்கிராஃப்ட் இணையதளம் வழியாகப் போகிறது. யார்டு தரும் கட்டுமானச் சான்று, பில், போட்டோ, ஆதார் எல்லாம் தயாராக இருந்தால் வேலை சீக்கிரம் நடக்கும். கேரளாக்காரருக்கு விற்பதாக இருந்தால் அங்கே மறுபடி பதிவு செய்ய வேண்டும், நம் பக்கத்துத் தடையின்மைச் சான்று இல்லாமல் நகராது.

மானியத்தில் எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பாரம்பரிய மீனவர்களுக்கு மாற்று வள்ளமும் வலையும் வாங்க 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் உண்டு. அதில் போவதாக இருந்தால் எக்ஸ்சேஞ்ச் பேச்சை யார்டில் எடுக்கவே வேண்டாம், பழசை வெளியில் விற்றுவிடுங்கள். பில், வங்கிக் கணக்கு எல்லாம் சுத்தமாக இருந்தால்தான் கோப்பு நகரும். ஏற்கெனவே மானியத்தில் வாங்கிய வள்ளத்தை விற்பதாக இருந்தால் அன்றைக்குக் கொடுத்த ஆணையை எடுத்து நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள். அரசாங்கமே பழசுக்குப் புதுசு கொடுத்த கதை ராமேஸ்வரம் பக்கம் நடந்தது. பாக் நீரிணையில் இழுவலையை விட்டவர்களுக்கு 2017-இல் 80 லட்சம் ரூபாய் மதிப்பில் ஆழ்கடல் சூரைப் படகு.  அது அவர்களுக்கான திட்டம், நம் வள்ளக்காரர்களுக்கு இல்லை.

பணத்தை நாலாகப் பிரித்துக் கொடுத்தோம். ஆர்டரோடு 1,00,000. வள்ளம் அச்சிலிருந்து வெளியே வந்து, பெயின்ட் அடிக்கும் முன்னால் நாங்கள் போய்த் தட்டிப் பார்த்த பிறகு 1,50,000. பங்குச் சாமியார் வந்து ஆசீர்வதித்து, கடலில் இறக்கி ஓட்டிப் பார்த்த அன்றைக்கு 80,000. மீதி 20,000 ரூபாயைப் பழைய வள்ளத்தின் பதிவு பெயர் மாறும்வரை தருவதில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தோம். யார்டுகாரர் முதலில் "அதெல்லாம் பொறவு பாத்துக்கலாம் அண்ணே, எங்க போயிரப் போறேன்" என்றார். எழுதினால்தான் அட்வான்ஸ் என்றோம். பழைய வள்ளத்தை அவர் ராஜாக்கமங்கலம் துறைக்காரர் ஒருவருக்கு விற்றார். அந்த 20,000 பாக்கி இருந்ததால் வாங்கினவரைக் கூட்டிக்கொண்டு மீன்வளத்துறை அலுவலகத்துக்கு அவரே அலைந்தார். பெயர் மாறிய சான்றின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தார், நாங்கள் அன்றைக்கே பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டோம்.